இரண்டு முனையிலும் எரிந்த டெஸ்டர்

தேன்மொழி, காலை 7.12
வணக்கம் பெரியப்பா. எங்கள் படுக்கையறை மின்விசிறி மூன்று நாள்களாக விட்டுவிட்டு ஓடி, நேற்றிரவு அடியோடு நின்றுவிட்டது. கண்டன்சர் போயிருக்கும் என்று 2.5 மைக்ரோஃபாரட் புதிது வாங்கிப் போட்டும் பயனில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், சீலிங் ரோஸின் (விசிறியின் வயர்கள் வந்து சேரும் கூரை மூடி) இரு முனைகளிலும் டெஸ்டர் (கரண்ட் இருந்தால் எரியும் ஸ்க்ரூடிரைவர்) எரிவதால் கரண்ட் நன்றாகவே வருகிறது, விசிறிக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில்தான் போயிருக்கிறது, அதைப் புதிதாகச் சுற்ற ரீவைண்டிங் கொடுங்கள் என்கிறார்.

பெரியப்பா, காலை 7.25
விசிறியைக் கழற்ற வேண்டாம் அம்மா. கரண்ட் வரும் ஃபேஸ் முனையில் டெஸ்டர் எரிய வேண்டும். அது திரும்பிப் போகும் நியூட்ரல் முனையில் எரியவே கூடாது. நியூட்ரல் வயர் வழியில் எங்கேனும் விட்டுப்போயிருந்தால், ஃபேஸின் 230 வோல்ட் காயில் வழியாக மறுமுனைக்கும் வந்துவிடும். திரும்பிப் போக வழி இல்லாததால் விசிறி மட்டும் சுற்றாது. காயில் முழுதாக அறுந்திருந்தால் அந்த முனைக்குக் கரண்ட் வந்தே இருக்காது. அந்த அறையில் வேறு எதுவும் வேலை செய்யாமல் இருக்கிறதா?

தேன்மொழி, காலை 7.31
டியூப்லைட் எரிகிறது, பிளக்கும் சரியாக இருக்கிறது. இரவு விளக்கு மட்டும் எரியவில்லை. பல்பு ஃப்யூஸ் போய்விட்டது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டோம்.

இளங்கோ, காலை 7.33
அக்கா, அந்தப் பல்பைக் கூடத்து ஹோல்டரில் போட்டுப் பாருங்கள்.

தேன்மொழி, காலை 7.40
எரிகிறது, தம்பி!

பெரியப்பா, காலை 7.52
அப்படியானால் விசிறிக்கும் இரவு விளக்குக்கும் நியூட்ரல் பிரிகிற ஜாயின்ட் ஒன்றுதான் பழுதாகியிருக்க வேண்டும். கதவுக்கு மேலே சுண்ணாம்பு பூசி மறைந்துபோன வட்ட மூடி ஒன்று தெரியும். அதுதான் வயர்களைச் சேர்க்கும் ஜங்ஷன் பெட்டி. எலக்ட்ரீஷியனை டெஸ்ட் லாம்ப், அதாவது இரண்டு வயர் நீட்டிய பல்பு ஹோல்டர், கொண்டுவரச் சொல். அதன் ஒரு வயரை விசிறியின் ஃபேஸில் வைத்து, மற்றதைப் பிளக்கின் நியூட்ரலில் தொட்டால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். சீலிங் ரோஸின் நியூட்ரலில் தொட்டால் எரியாது. டெஸ்டர் எரிய மிகச் சிறிய கரண்ட் போதும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. பல்பு எரிய வயர் முழுச்சுற்றாக இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறந்துவிடாதே. உங்கள் வீட்டில் விசிறியும் விளக்கும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. மெயினை அணைத்தாலும் அடுத்த நொடியே இன்வெர்ட்டர் அந்த வயர்களுக்குக் கரண்ட் கொடுத்துவிடும். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் இன்வெர்ட்டரையும் அணைத்து, பிறகு ஒருமுறை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் யாரும் கை வைக்க வேண்டும். நீ ஏணியில் ஏறாதே.

தேன்மொழி, மாலை 5.18
பெரியப்பா, டெஸ்ட் லாம்ப் நீங்கள் சொன்னபடியே காட்டியது. இரண்டையும் அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தபோது கருகிய வாடை வந்தது. மூன்று கறுப்பு வயர்களைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த டேப் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. இரண்டு வயர்கள் சேர்ந்திருக்க, மெயினிலிருந்து நியூட்ரல் கொண்டுவரும் மூன்றாவது வயர் முறுக்கிலிருந்து நழுவி, நுனி கறுத்து, தனியே நின்றது.

பெரியப்பா, மாலை 5.24
லூசாக இருந்த ஜாயின்ட் பொறி தட்டிச் சூடேறியிருக்கிறது. அதனால்தான் மூன்று நாள்கள் விட்டுவிட்டு ஓடியது. கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு தெரியும்வரை சீவிவிட்டு, திருகு இறுக்கும் கனெக்டரில் மூன்றையும் சேர்க்கச் சொல். பழைய முறுக்கின் மேலேயே புது டேப் சுற்ற விட்டுவிடாதே.

தேன்மொழி, மாலை 6.05
அப்படியே செய்தாயிற்று. விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. இரவு விளக்கும் எரிகிறது.

பெரியப்பா, மாலை 6.09
மகிழ்ச்சி அம்மா. கூடத்துப் பெட்டியும் சமையலறைப் பெட்டியும் இந்தப் பெட்டியைப் போட்ட அதே ஆள் அதே வாரத்தில் போட்டவை. ஞாயிற்றுக்கிழமை இன்று வந்த எலக்ட்ரீஷியனையே வரச்சொல்லி அவற்றையும் திறந்து பார். நான் அப்போது காணொளி அழைப்பில் இருக்கிறேன்.