சாதாரண தரத்திற்குப் பிறகு தொழிற்பயிற்சி: ஆலோசனை தேவை

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் என் அக்காவின் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தரத்திற்குச் செல்லாமல் குளிரூட்டி திருத்தும் தொழிலைக் கற்கவே விரும்புகிறான். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் அத்தொழிலுக்கு வேலை கிடைக்குமென்பது என் எண்ணம். அக்காவுக்கோ அது படிப்பு ஏறாதவர்களின் வழி. தொழிற்கல்விக்கான அரச தரப்படுத்தலான தேசிய தொழில் தகைமையில் (NVQ) 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம் என்று நான் விளக்கியும் அக்கா இசையவில்லை. திருகோணமலையில் இத்துறையைத் தமிழில் பயின்றவர்கள், கற்கைக் காலம், தொழிலிடப் பயிற்சி, குறிப்பாக 4ஆம் மட்டத்திலிருந்து டிப்ளோமாவுக்குச் சென்ற அனுபவம் ஆகியவற்றை எழுதினால், அக்காவிடம் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.