உள்வரியும் திரைக்களையும்: வெர்சடைல் நடிகரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடபழனியில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கு வெளிநாட்டு நடிகர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் வந்திருக்கிறது. அவர் அதில் அதிகம் பேசுவதில்லை. அவரோடு நடித்தவர்களும், அவரை இயக்கியவர்களும், பேட்டி கண்டவர்களும்தான் பேசுகிறார்கள். தமிழ்க் குரலுக்கும் சப்டைட்டிலுக்கும் வசனம் எழுதுவது என் பொறுப்பு. 50 நிமிடப் படத்தில் வெர்சடைல் (versatile, எந்த வேடத்துக்கும் மாறிக்கொள்பவர்) 11 இடத்தில் வருகிறது, சார்மிங் (charming, பார்ப்பவர் மனதை இழுப்பவர்) 9 இடத்தில். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி.

இதுவரை நாங்கள் இப்படிப்பட்ட இடங்களில் "பன்முகத் திறமையும் வசீகரமும் கொண்ட நடிகர்" என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போய்விடுவோம். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூட நடித்தவர்கள் வியப்பது ஒன்றை, பேட்டி கண்டவர்கள் வியப்பது வேறொன்றை. இரண்டும் எதிரெதிர்த் திறமைகள். ஒன்று தன்னை மறைப்பது, இன்னொன்று மறைக்க முயன்றாலும் மறையாதது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> பன்முக நடிகர் என்பது பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. அதுவே போதும். (மடிப்பாக்கம் ஐயா)

ஐயா, அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. நடிப்பார், பாடுவார், இயக்குவார், படமும் தயாரிப்பார் என்றால் அவரைப் பன்முகக் கலைஞர் என்கிறோம். நான் கேட்பது நடிப்பு என்ற ஒரே தொழிலுக்குள் இருக்கும் அகலத்தை. வேறொன்றுமே தெரியாத, நடிக்க மட்டுமே தெரிந்த ஒருவருக்கும் அது உண்டு.

> குணச்சித்திர நடிகர் என்ற அழகான சொல் இருக்கும்போது புதிது எதற்கு? (அம்பத்தூர் அக்கா)

எனக்கும் பிடித்த சொல்தான் அக்கா. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். அப்பா, மாமா, நீதிபதி, பண்ணையார் என்று கதாநாயகனைச் சுற்றி நிற்பவர்களுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மாநில அரசின் திரைப்பட விருதிலும் அது தனிப் பிரிவு. கதாநாயகனாக நடிப்பவருக்கும் இந்த அகலம் இருக்கலாமே, அவரை என்னவென்று சொல்வது?

> ஆங்கிலத்தில் நல்ல நடிகரைப் பச்சோந்தி என்று பாராட்டுகிறார்கள். நாமும் சொல்லலாமே. (பெரம்பூர் தம்பி)

சொல்ல முடியாது தம்பி. நம் ஊரில் பச்சோந்தி என்றால் கட்சி மாறியவர். இந்த ஒரு சொல்லோடும் இது நிற்கவில்லை. வேடம் போடுகிறவன் என்ற பொருளில் இருந்த வேடதாரி, போலிச் சாமியாருக்குப் போய்விட்டது. கூத்தாடி என்பதை ஏச்சாக ஆக்கினோம். வீட்டில் குழந்தை வயிற்றுவலி என்றால்கூட "நடிக்காதே" என்கிறோம். கூத்தும் நாடகமும் இவ்வளவு செழித்த மொழியில், நடிப்பவரைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றாக வசவுக்குள் சரிந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் புதுச் சொல்லில் ஏமாற்று வாடையே இருக்கக் கூடாது என்று பார்க்கிறேன்.

பலவேட நடிகர் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். 'நவராத்திரி' நினைவுக்கு வந்திருக்கும். 1964இல் வந்த அந்தப் படம் சிவாஜி கணேசனுக்கு 100ஆவது படம், அதில் அவருக்கு ஒன்பது வேடம். அது பெரிய சாதனை, ஆனால் வேறு வகை. ஒன்பது பேரும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரிந்திருப்பதே அங்கே சுவை. நான் தேடுவது, "இது யார், அவரா?" என்று பாதிப் படத்தில் கேட்க வைக்கும் திறமையை. எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துபோகும் மேக்கப்காரர் ஒருவர், கெட்டப் ஒட்டுவதும் ஒட்டாததும் பசையில் இல்லை, உள்ளே இருக்கிற ஆளைப் பொறுத்தது என்பார். அவர் சொன்னது இதைத்தான்.

நாகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 'திருவிளையாடல்' தருமியை நம் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் அந்த இடத்தைப் பார்த்த சிவாஜி, இதில் எதையும் வெட்டிவிடாதீர்கள் என்று சொன்னதாக நாகேஷே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். படத்தின் நாயகன், தன்னைவிடக் கைதட்டல் வாங்கப் போகிறவருக்காகப் பேசியிருக்கிறார். சக நடிகரின் மதிப்பு என்றால் அதுதான். அதே நாகேஷ் 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன். 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் வெறும் பிணம். அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர், அதற்குத்தான் துணை நடிகருக்கான தேசிய விருது. பிணமாக நடித்ததில் வசனம் இல்லை, கண் அசைவு இல்லை, அவருக்குப் பேர் வாங்கித் தந்த அந்த வேகம் துளியும் இல்லை. தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். அப்போதும் அவரைத்தான் பார்க்கிறோம்.

இன்னொரு காட்சி. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, டி.எஸ்.பாலையா கேட்கும் இடம். நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்கு ரியாக்‌ஷன் என்றால் என்ன என்று காட்ட அதைத்தான் ஒலியை அணைத்துவிட்டுப் போடுவோம். பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். முதலாளியின் அலட்சியத்தில் தொடங்கும். அப்புறம் கண் கொஞ்சம் விரியும், உதடு தானாகப் பிரியும், கடைசியில் இருட்டில் பாட்டி மடியைத் தேடும் குழந்தையின் முகமாகிவிடும். பேசுவதெல்லாம் நாகேஷ், காட்சி இருவருக்கும் சொந்தம். எங்கள் ஆவணப்படத்தில் ஒரு நடிகை கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். தனக்கு குளோசப் எடுத்தபோது, ஃபிரேமில் இல்லாத நம் ஆவணப்பட நடிகர் வேனுக்குப் போய்விடாமல் கேமராவுக்குப் பின்னால் நின்று முழு வசனத்தையும் கண்ணீரோடு சொன்னாராம். சக நடிகர்கள் வெர்சடைல் என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது விக்கும் மீசையும் இல்லை. எதிரே நிற்பவருக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகக் கிடைக்கிறார் என்பதுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நான் முன்மொழிவது உள்வரி.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில், மாதவியின் மடலை வாங்க மறுக்கும் கோவலன், அவள் தன்னிடம் பழகியதை எல்லாம் எட்டு வரிக்கூத்தாக, அதாவது எட்டு வகை நடிப்பாக, பெயர் சொல்லி அடுக்குகிறான். அவற்றில் மூன்றாவது உள்வரி. அந்த இடம் இது:

"கிளிபுரை கிளவியும் மடஅன நடையும்
களிமயில் சாயலும் கரந்தனள் ஆகிச்
செருவேல் நெடுங்கண் சிலதியர் கோலத்து
ஒருதனி வந்த உள்வரி ஆடலும்"

கிளி போன்ற பேச்சு, அன்ன நடை, மயிலின் சாயல் என்று தனக்கே உரிய மூன்றையும் ஒளித்துக்கொண்டு பணிப்பெண்ணின் கோலத்தில் வருகிறாள். வேற்றுருக் கொண்டு நடித்தல் என்று உள்வரிக்குப் பொருள் சொல்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது 'கரந்தனள் ஆகி' என்ற சொற்கள்தான். வேடம் போட்டாள் என்பதோடு நிறுத்தாமல் எதை எதை மறைத்தாள் என்று கணக்குச் சொல்கிறார் இளங்கோ. குரல், நடை, சாயல். இன்றைக்கு நடிப்புப் பயிற்சிக்குப் போனாலும் முதலில் மாற்றச் சொல்வது குரலையும் நடையையும்தான்.

மனோரமாவை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். 1968இல் 'பொம்மலாட்டம்' படத்துக்காக "வா வாத்யாரே" என்று மெட்ராஸ் பாஷையில் அவர் பாடியதைக் கேட்டு, ராயபுரத்தில் வளர்ந்த என் அம்மா இன்றைக்கும் "இது எங்க தெரு பொண்ணு" என்பார். அதே ஆண்டுதான் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் ஜில் ஜில் ரமாமணியும். கிளவியைக் கரந்தது, தன் பேச்சை ஒளித்தது என்றால் அதுதான்.

இப்போது சார்மிங். வசீகரம் எனக்கு வேண்டாம். அதன் உறவுக்காரச் சொல் வசியம், அதில் மருந்து வைத்த வாடை அடிக்கிறது. கவர்ச்சியைச் சினிமாப் பத்திரிகைகள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டன. ஈர்ப்பு இயற்பியலுக்குப் போய்விட்டது. மேலே உள்ள பாட்டிலேயே சாயல் இருக்கிறது, தொல்காப்பியமும் "சாயல் மென்மை" என்கிறது. ஆனால் இன்று சாயல் என்றால் அப்பா சாயல், அத்தை சாயல். அந்தப் பொருளை இனி மாற்ற முடியாது.

நான் சொல்வது களை. முகத்தில் களை இருக்கிறது என்கிறோம், கல்யாணக் களை என்கிறோம், மயிலாப்பூரில் கச்சேரி களைகட்டிவிட்டது என்கிறோம். யாருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல். திரையில் ஒருவர் வந்து நின்றதும் உண்டாகிற அந்த நிறைவுக்குத் திரைக்களை. வயலில் பிடுங்கும் களையோடு குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் திரை நிற்பதால் குழம்பாது.

திரைக்கு வெளியே இருக்கும் இனிமைக்குத் தனிக் கலைச்சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். படத்தில் பேட்டியாளர் ஒருவர் சொல்கிறார்: ஒரு மணி நேரம் கழித்து நோட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் நான் பேசியிருக்கிறேன், அவர் என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். உடனே அடுத்த கேள்வியும் அவருக்கே வருகிறது: அதுவும் நடிப்போ? கோவலனும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தான். "ஆடல் மகளே ஆதலின்" என்று ஒரு காரணத்தைச் சொல்லி மாதவியின் அன்பு முழுவதையும் கூத்துக் கணக்கில் எழுதிவிட்டான். அவன் சொன்னது தவறு என்பது காப்பியம் படித்த எல்லோருக்கும் தெரியும். பழக இனியவர் என்றே எழுதுவோம். சந்தேகத்தைச் சொல்லுக்குள் வைத்துத் தைக்க வேண்டாம்.

அன்புடன்,
வடபழனியிலிருந்து

---

வணக்கம் அம்மா.

நீண்ட மடல், நிதானமாகப் படித்தேன். திரைக்களைக்கு என் முழு ஒப்புதல். கேட்டவுடனே புரிகிறது, பேரனிடம் சொன்னேன், அவனுக்கும் புரிந்தது. உள்வரியில்தான் தயக்கம். இன்றைய வாசகர் கண்ணுக்கு வரி என்றால் வருமான வரி, சொத்து வரி. உள்வரி என்றால் ஏதோ உள்ளாட்சி வரி என்றே படிப்பார். இன்னொன்று, சப்டைட்டில் திரையில் நிற்பது இரண்டு நொடி. அதற்குள் அவர் சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் வரைக்கும் போய் வர வேண்டுமா? கூட நடித்தவர்கள் பேசுவது வீட்டுப் பேச்சு. அவர்கள் வாயில் இந்தச் சொல் உட்காருமா?

மடிப்பாக்கத்திலிருந்து

---

ஐயா, வணக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்வி என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. காலையில் ஸ்டுடியோவில் 11 இடங்களையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எட்டு இடத்தில் பேசுவது கூட நடித்தவர்களும் இயக்குநர்களும். மூன்று இடத்தில் திரை விமர்சகர். நீங்கள் சொன்னது சரி. அந்த எட்டு இடத்திலும் கலைச்சொல்லை எடுத்துவிட்டேன். "எந்த வேஷம் கொடுத்தாலும் அவரைத் தேடத்தான் வேண்டியிருக்கும்", "ஒவ்வொரு டேக்கிலும் புது ஆள்" என்று அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். குரல் கொடுப்பவர் படித்துப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை.

விமர்சகரின் மூன்று இடத்தில் சொல் தேவைப்படுகிறது. அவர் ஒரு திறமையை வகைப்படுத்திப் பேசுகிறார், அங்கே வாக்கியமாக உடைத்தால் வாதம் கலைந்துவிடும். வரிக் குழப்பத்துக்கு ஒரு வழி: உள்வரியைத் தனியே விடாமல் உள்வரி நடிப்பு, உள்வரி நடிகர் என்றே எப்போதும் எழுதுவோம். வரிக்குதிரையையும் சிலப்பதிகாரத்தின் கானல்வரியையும் படிக்கிறவர் யாரும் வருமான வரியை நினைப்பதில்லையே, பக்கத்துச் சொல் காப்பாற்றிவிடுகிறது. வினையாக்கும்போது மட்டும் உள்வரித்தார் என்றெல்லாம் புதிதாகத் திரிக்க வேண்டாம். இளங்கோ எழுதியபடி உள்வரி ஆடினார் என்று இருக்கட்டும்.

அம்பத்தூர் அக்கா, நம் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது இரண்டு பதிவாகவே ஏற்றுங்கள். உள்வரி நடிப்பு: தனக்கு இயல்பான பேச்சு, நடை, தோற்றம் ஆகியவற்றை மறைத்து ஏற்ற வேடமாகவே தெரியும் திறன். திரைக்களை: வேடம் எதுவானாலும் பார்ப்பவர் கண்ணைத் தன்மேல் நிறுத்தும் திரைத்தோற்றம். குணச்சித்திர நடிகரை இதன் கீழ் இணைப்பாகத் தர வேண்டாம், அது தனிப் பதிவாகவே நிற்கட்டும். வெள்ளிக்கிழமை குரல் பதிவு, அதற்கு முன் வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
வடபழனியிலிருந்து