துளையைச் சுற்றி வெள்ளை வளையம்: பெயின்ட் அடித்தால் போச்சா?

பீன்யா_பழனி:
ஃபைபர் கிளாஸ் தகட்டில் துளை போட்டதும் சுற்றிலும் வெள்ளை வளையம் விழுகிறதே, அது வெறும் அழகுக் குறையாம், பெயின்ட் அடித்தால் போச்சாம். நேற்று ஒருவர் இங்கே எழுதியது. படித்ததிலிருந்து எரிச்சல். 19 வருடமாக டிரில் பிடிக்கிறேன் ஐயா. உள்ளே அடுக்குகள் பிரிந்து காற்று புகுந்ததால்தான் அந்த வெள்ளை. டிரில் பிட் வெளியே வரும் பக்கம், கடைசி அடுக்குகளை வெட்டாமல் நெட்டித் தள்ளிவிடுகிறது.

ஜெயநகர்_ஜெயா:
எழுதியது நான்தான். பேரைச் சொல்ல என்ன கூச்சம்? துளை போட்டதுமே இழை அறுந்து பலம் போய்விட்டது. வளையம் புதிதாக எதைக் குறைக்கும்? துளையோரம் லேசாகப் பிரிந்தால் அங்கே குவியும் அழுத்தம் தணிந்து, இழுவையில் சில சமயம் கூடுதலாகவே தாங்கும்.

பீன்யா_பழனி:
இழுத்துப் பார்த்தீர்கள் மேடம், அமுக்கிப் பார்த்தீர்களா? பிரிந்த அடுக்கு தனித்தனியாக வளைந்து படுத்துவிடும். போல்ட் மாட்டி நாள் முழுக்க அதிரும் இடத்தில் பிரிவு இன்னும் பரவும். வளையம் வளையம்தான்.

மாணவன்_2:
அண்ணா, நீங்கள் இருவரும் சொல்லும் 'பலம்' ஒன்றுதானா? ஒருவர் இழுவை, ஒருவர் அமுக்கம்...

பீன்யா_பழனி:
தம்பி, கொஞ்சம் இரு.

ஜெயநகர்_ஜெயா:
சாரிடம் இருப்பது இரும்புக்கான ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட். கண்ணாடி இழை அதைச் சீக்கிரமே மழுக்கிவிடும். மொட்டை பிட் வெட்டாது, தள்ளும். இழைகளை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் கருகும் வாடைகூட வருமே? அதைவிடக் கடினமான கார்பைடு பிட் போடுங்கள், வளையமும் வராது, புலம்பலும் வராது.

பீன்யா_பழனி:
கார்பைடா! போன தீபாவளிக்கு இரவல் வாங்கிப்போன என் 6 மில்லி கார்பைடு பிட் எங்கே? கார்பைடே ஆனாலும் கடைசியில் ஃபீடை, அதாவது பிட்டை உள்ளே இறக்கும் வேகத்தை, குறைக்காவிட்டால் வளையம் வரும். வளையம் வந்தால் பலம் போச்சு.

எலெக்ட்ரானிக்_சிட்டி:
தேஜஸ் போர் விமானத்தின் இறக்கை கார்பன் இழை. கறுப்பில் வளையமே தெரியாது. அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலி) வைத்துத்தான் உள்ளே பார்ப்பார்கள்.

பீன்யா_பழனி:
தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமா?

எலெக்ட்ரானிக்_சிட்டி:
நான் எங்கே சார் அப்படிச் சொன்னேன்?

மாணவன்_2:
தூசு பட்டு கையெல்லாம் அரிக்கிறது. என்ன செய்யலாம்?

பீன்யா_பழனி:
தேய்க்காதே, பச்சைத் தண்ணீரில் கழுவு. அப்புறம், இன்று காலை போட்ட துளையின் படம் போட்டிருக்கிறேன். எல்லோரும் பாருங்கள்.

ஜெயநகர்_ஜெயா:
பார்த்தேன். வளையமே இல்லையே சார்? அடியில் பிளைவுட் வைத்து கிளாம்ப் போட்டிருக்கிறீர்கள். வராத வளையத்துக்கா இத்தனை சண்டை?

பீன்யா_பழனி:
வரக்கூடாது என்றுதானே பிளைவுட்! பிட் எங்கே மேடம்?