மூக்கு குத்தி ஏழு வாரம், பக்கத்தில் சின்னக் கட்டி: கழற்றிவிடலாமா?

ஏலக்காட்டுக்காரி:
குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. வீடு கூடலூரில். காலையில் ஜீப் ஏறினால் லோயர் கேம்ப் தாண்டி மலை, சாயங்காலம் மறுபடி இறக்கம்.

தை மாசம் வலது மூக்கு குத்திக்கொண்டேன். வயசு 33. என்னோடு வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் குத்திய வயசில் எங்கள் வீட்டில் அதற்கு வசதி இல்லை. அம்மாச்சி போட்டிருந்த ஏழுகல் மூக்குத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. வருகிற சித்ரா பௌர்ணமிக்கு அதைப் போட்டுக்கொண்டு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேற வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தானே நடை திறக்கிறார்கள். அதற்காகத்தான் குத்தியதே.

ஒரு நகைக் கடையில் கன் வைத்து அடித்தார்கள். தங்கமுலாம் பூசிய பொட்டு. மூணு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் பனியில் தலையைச் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையை இழுத்தபோது அதன் நூல் பொட்டில் மாட்டிக்கொண்டது. உயிர் போய்விட்டது. மறுநாளிலிருந்து துளையை ஒட்டிக் கடுகளவு கட்டி, இப்போது அரிசி அளவு. சிவப்பு, ஈரம், காலையில் வெள்ளையாகப் பொருக்கு. அரிப்பும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. தூசிக்காக ஸ்டோரில் மாஸ்க் போடுவதால் அதுவும் உரசுகிறது.

அம்மா தினமும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துத் திருகிவிடுகிறார், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. மெடிக்கலில் கேட்டதற்கு ஒரு டியூப் கொடுத்தார்கள். கழற்றிவிட்டு ஆறிய பிறகு மறுபடி குத்தலாமா? மனசே வரவில்லை.

நைட் டூட்டி:
தங்கச்சி, கழற்றாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் வண்டிப்பெரியாறு பக்கம், சர்ஜரி வார்டில் நர்ஸ்.

நீ சொல்வதைப் பார்த்தால் இழுபட்டதால் வந்த எரிச்சல் கட்டி மாதிரிதான் தெரிகிறது. வெள்ளைப் பொருக்கு சீழ் இல்லை, புண்ணிலிருந்து ஊறும் நீர் காய்ந்தது. கீலாய்டு, அதாவது தழும்பு தடித்து வளர்வது, என்றால் துளையைத் தாண்டிப் பரவிக்கொண்டே போகும், பெரும்பாலும் சில மாசம் கழித்துத்தான் வரும். உனக்கோ வீட்டிலோ யாருக்காவது பழைய வெட்டுக்காயம், தடுப்பூசித் தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா? இருந்தால் தோல் டாக்டரிடம் அதைச் சொல்.

திருகுவதை இன்றோடு நிறுத்தச் சொல். அம்மா பாசத்தில்தான் செய்கிறார், ஆனால் உள்ளே புதுத்தோல் பட்டுநூல் மாதிரி பிடித்து வரும்போது ஒவ்வொரு திருகலும் அதை அறுத்துவிடுகிறது. மஞ்சளும் எண்ணெயும் துளையை அடைத்துக்கொள்ளும், தூசியும் அதில் ஒட்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் கூடாது.

மெடிக்கலில் 0.9% சோடியம் குளோரைடு, நார்மல் சலைன் என்று கேள். சின்ன பாட்டிலாக வாங்கு, திறந்ததை நாள்கணக்கில் வைத்திருக்காதே. சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு, காஸ் துணியை நனைத்து ரெண்டு நிமிஷம் வெளியே ஒற்றி வை. பொருக்கு ஊறித் தானாக வந்தால் எடு, வராவிட்டால் விட்டுவிடு. காலை ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், போதும். பஞ்சு வேண்டாம், இழை மாட்டும். துண்டால் துடைக்காதே.

அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார். பெட்டாமெத்தசோன், குளோபீட்டசோல் என்று போட்டிருந்தால் டாக்டர் சொல்லாமல் தடவாதே. தோல் மெலிந்து போகும்.

சிவப்பு கன்னத்துக்குப் பரவினால், விண்விண்ணென்று தெறித்தால், பச்சையாகவோ மஞ்சளாகவோ சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், பொட்டு தோலுக்குள் புதைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்போதும் நீயாகக் கழற்றாதே. மேல்தோல் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தங்கிவிடும். பிதுக்கவும் கூடாது, மூக்கைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களுக்குத் தலைக்குள்ளே தொடர்பு உண்டு.

போடிக்காரி:
எனக்கு முழுசாக ஆற எட்டு மாசம் ஆனது. நானும் ரெண்டு மாசத்தில் சரியாகிவிட்டது என்று நினைத்து மாற்றப் போய், பழையபடி வீங்கியது. மேலே ஆறினாலும் உள்ளே ஆறியிருக்காது.

எனக்கு உதவியது தலையணைதான். ஒருக்களித்துப் படுக்கும்போது மூக்கு அழுந்துகிறது என்பதே தெரியாமல் இருந்தேன். உறையைத் தினமும் மாற்றி, மல்லாந்து படுக்கப் பழகினேன், கட்டி ரெண்டு வாரத்தில் வற்ற ஆரம்பித்தது. எங்கள் ஊரில் வேப்பங்குச்சி செருகச் சொல்வார்கள். செய்யாதீர்கள் அக்கா, எனக்குச் சிம்பு உள்ளே தங்கிவிட்டது.

பட்டறைத் தம்பி:
அக்கா, அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் என் கண் போகிறது. கன்னில் வரும் பொட்டு பெரும்பாலும் ஸ்டீல், மேலே முலாம். முலாம் தேய்ந்தால் ஸ்டீலில் கலந்திருக்கும் நிக்கல் தோலில் படும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குக் கவரிங் தோடு போட்டால் காது அரிக்குமா? அரிக்கும் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். பொட்டை மாற்றுவதானால், 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். இம்பிளாண்ட் தர, அதாவது உடம்புக்குள் வைக்கிற தரத்து, டைட்டானியமும் நல்லது.

அம்மாச்சி மூக்குத்தியை அவசரப்பட்டுப் போடாதீர்கள். அப்பா கம்பத்தில் பட்டறை வைத்திருக்கிறார், பழைய ஏழுகல் நிறைய வரும். தண்டு தடிமன், 1 மில்லிமீட்டரையும் தாண்டும். உங்கள் துளை 0.8 மில்லிமீட்டர் இருந்தாலே பெரிசு. அழுத்திச் செருகினால் கிழியும். கல்லைத் தொடாமல் தண்டை மட்டும் எடுத்துவிட்டு மெல்லிசாக வேறு வைக்க முடியும். பற்றவைத்த இடம் மழமழவென்று இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சொரசொரப்புதான் உள்ளே அறுக்கும்.

ஏலக்காட்டுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. கவரிங் போட்டால் எனக்குக் காது அரிக்கும், சின்ன வயசிலிருந்தே. டியூபைத் திருப்பிப் பார்த்தேன், குளோபீட்டசோல். குப்பையில் போட்டுவிட்டேன்.

நைட் டூட்டி அக்கா, ஒன்று கேட்க வேண்டும். நாள் முழுக்க ஏலக்காய் அளைகிற கை, எத்தனை கழுவினாலும் விரலில் அந்த எண்ணெய் வாசம் போவதில்லை. அது மூக்கில் பட்டால் எரியுமா?

நைட் டூட்டி:
எரியும். காயில் தெளித்த மருந்தும் கையில் இருக்கும். வேலை நேரத்தில் மூக்குப் பக்கமே போகாதே. வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் கழுவின பிறகுதான் சலைன். மாஸ்க்கை ஒரு அளவு பெரிதாக வாங்கு, கம்பி பொட்டுக்கு மேலே நிற்க வேண்டும். பொட்டை மாற்றுவதாக இருந்தால் டாக்டர் பார்த்த பிறகு, கையுறை போட்டுப் பழகினவர் கையால். துளை கொஞ்ச நேரம்கூட வெறுமனே இருக்கக் கூடாது.

ஏலக்காட்டுக்காரி:
மூணு வாரம் கழித்து எழுதுகிறேன். தோல் டாக்டரைப் பார்த்தேன், தொற்று இல்லை என்றார். அவர் முன்னாலேயே டைட்டானியம் பொட்டு மாற்றினார்கள். கட்டி மறுபடி கடுகளவுக்கு வந்துவிட்டது, அரிப்பு நாலே நாளில் நின்றது. சால்வைக்குப் பதில் காதை மட்டும் மூடுகிற பருத்தித் துணி கட்டுகிறேன். அம்மா இப்போது திருகுவதில்லை, காஸ் துணியை வெட்டிக் கொடுக்கிறார்.

மங்கலதேவிக்கு இந்தச் சின்னப் பொட்டோடுதான் போவேன். ஏழுகல் அடுத்த வருஷம். பட்டறைத் தம்பி, தண்டு மாற்ற அளவெடுக்க நான் நேரில் வர வேண்டுமா, மூக்குத்தியை மட்டும் கொடுத்துவிட்டால் போதுமா?

பட்டறைத் தம்பி:
நேரில் வாங்க அக்கா. ஆனால் ஆறின பிறகு. வீக்கத்தோடு அளவெடுத்தால் தண்டு நீளமாகிவிடும்.