உணவு தீர்ந்துபோன இடத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? – அனுபவப் பகிர்வு

மலைப்பாதை

மூடுபனியில் வழி தவறிய கதையை விரித்துச் சொல்லப்போவதில்லை, மலையேறுகிறவர்களுக்கு அது தெரிந்ததுதான். மொத்தம் மூன்று பேர். ஓடை பக்கத்திலேயே இருந்தது, பையில் கொஞ்சம் பிஸ்கட் மிச்சம். நகராமல் ஒரே இடத்தில் காத்திருப்போம் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் மதியம் நண்பர் ஒருவர் புதருக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை நிறையச் சிவப்புப் பழங்களோடு வந்தார். "குருவி கொத்துறதைப் பார்த்தேன், ஒண்ணும் ஆகாது" என்றார். பறவை தின்றால் மனிதரும் தின்னலாம் என்று நம்பக்கூடாது என எங்களுக்குப் பலமுறை சொன்னவரே அவர்தான். எங்களில் மூத்தவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இவர் கையை இறுக மூடிக்கொண்டார். பழம் நசுங்கி விரலிடுக்கில் சாறு வழிந்தது. எங்கள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, பார்வை முழுக்க அந்தச் சாற்றின் மேல்தான். ஓடையில் கை கழுவிய பிறகும் சாயங்காலம்வரை விரல்களை முகர்ந்துகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் மீட்புக்குழு வந்துவிட்டது. ஆனால் காலையில் பிஸ்கட் சாப்பிட்ட ஒரு மனிதர் மதியத்துக்குள் பசியால் இப்படி ஆவாரா? அதற்குத்தான் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

கடலோடி

பழம் பற்றித் தெரியாது. எனக்கு மீன் கண்தான் நினைவில் நிற்கிறது.

எஞ்சின் செத்து, நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போனது. மீன் தூண்டிலில் ஏறியது, குடிக்கத் தண்ணீர்தான் கேனின் அடியில் கொஞ்சம். மீன் இருக்கிறதே என்று வயிறு முட்டத் தின்ன முடியாது. புரதம் செரித்துக் கழிவை வெளியேற்ற உடம்பு தண்ணீர் கேட்கும். எங்கள் பெரியவர் மீனை அறுத்ததும் முதலில் கண்ணைத் தோண்டி, சின்னப் பையன் வாயில் போட்டார். பையன் குமட்டினான். "கடிச்சு முழுங்குடா, அது தண்ணி" என்று தாடையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது எனக்கு. பல்லில் பட்டு வெடித்தது, வழவழவென்று உள்ளே இறங்கியது. உப்பே இல்லை. கடல் மீனின் உடல் நீரில் உப்பு கடல் நீரில் இருப்பதைவிட மிகக் குறைவு என்பதைக் கரை சேர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1982இல் அமெரிக்கப் படகோட்டி ஸ்டீவன் காலகன் அட்லாண்டிக்கில் ரப்பர் படகில் 76 நாள் தாக்குப்பிடித்ததும் மீனை வைத்துத்தான், கூடவே வெயிலில் கடல் நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியையும் வைத்து.

அந்தப் பையன் இப்போது படகு ஏறுவதில்லை. மீனும் சாப்பிடுவதில்லை.

பச்சையிலை

மலைப்பாதை நண்பரே, அந்தப் பழத்தை வீணாக்கியிருக்க வேண்டாம். நானும் ஒருமுறை காட்டில் மாட்டி, பெயர் தெரியாத கீரையைத்தான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. முறைப்படி சோதித்துவிட்டுச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

முறை இது. முதலில் செடியின் இலை, தண்டு, வேர், பழம் எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள். ஒரு பாகம் நல்லதாக இருந்து இன்னொன்று நஞ்சாக இருக்கலாம், அதனால் ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். சோதனைக்கு முன் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. கிள்ளினால் பால் வடிகிறதா, கசந்த வாதுமை வாடை வருகிறதா என்று பாருங்கள், இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். இல்லையென்றால் மணிக்கட்டின் உட்புறத்தில் நசுக்கித் தேய்த்துக் கால் மணி நேரம் பொறுங்கள். அரிப்பு இல்லையா? உதட்டில் சில நிமிடம் வையுங்கள். பிறகு நாக்கில் கால் மணி. பிறகு மென்று, விழுங்காமல் இன்னொரு கால் மணி. எரிச்சலோ மரத்துப்போவதோ இல்லையென்றால் அந்த ஒரு வாயை விழுங்கி எட்டு மணி நேரம் காத்திருங்கள். வயிறு ஏதாவது செய்தால் வாந்தி எடுத்து நிறையத் தண்ணீர் குடியுங்கள். செய்யவில்லை என்றால் கால் கப் சாப்பிட்டு இன்னொரு எட்டு மணி நேரம். அப்புறம்தான் அது உணவு. ஏராளமாகக் கிடைக்கும் செடிக்கு மட்டுமே இவ்வளவு மெனக்கெடுங்கள், நான்கே பழம் இருக்கிற புதருக்கு வேண்டாம்.

ஈரமண்

பச்சையிலை, கோபமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இதை இங்கே போடும்போது முதல் வரியிலேயே "காளானுக்கு இது பொருந்தாது" என்று எழுதியிருக்க வேண்டும்.

என் கூட வந்தவர் காட்டில் வெள்ளைக் காளானை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட்டார். வாசம் அருமை, எரிச்சல் கிடையாது, எட்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. உங்கள் சோதனையில் முதல் தரத்தில் தேறியிருக்கும். விடியற்காலையில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. எப்படியோ மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். ஒரு நாள் கழித்து எல்லாம் நின்றுவிட்டது. படுக்கையில் உட்கார்ந்து சிரித்தார், "பசிக்குது, வெளிய போய்ச் சாப்பிடலாம் வா" என்று என் கையை இழுத்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் இரத்தப் பரிசோதனைத் தாளோடு நின்ற மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த அந்த நொடிதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

அமடாக்சின் என்ற காளான் நஞ்சு அப்படித்தான் வேலை செய்யும். வேகவைத்தாலும் போகாது. ஆள் தேறிவிட்டதுபோலத் தெரியும் நேரத்தில் கல்லீரல் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். நண்பர் இன்று மாற்றுக் கல்லீரலோடு வாழ்கிறார்.

இன்னொன்று. தண்ணீர் இருந்தால் உணவில்லாமலேயே ஒரு மனிதர் வாரக்கணக்கில் தாங்குவார். தேடி வருவார்கள் என்று தெரிந்த இடத்தில் தெரியாத செடியைச் சோதிக்கவே தேவையில்லை. மலைப்பாதை குழுவின் மூத்தவர் செய்ததுதான் சரி.

வெண்பனி

பனியில் அடைபட்ட குடிசை, வழி மூடிவிட்டது. கண்ணி வைத்தால் முயல் விழுந்தது. நாங்கள் பிழைத்தோம் என்றுதான் நினைத்தோம்.

தின்னத் தின்னப் பசித்தது. வயிறு கல் மாதிரி நிறைந்திருக்கும், ஆனாலும் கை தட்டுக்குப் போகும். அப்புறம் வயிற்றுப்போக்கு, தலைவலி, எதற்கெடுத்தாலும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவது. ஒரு நாள் அலமாரிக்குப் பின்னால் பழைய சமையல் கொழுப்பு டப்பா ஒன்று அகப்பட்டது. அடியில் மஞ்சளாக உறைந்து, துரு வாடையோடு இருந்தது. கரண்டி எடுக்கக்கூடப் பொறுமை இல்லாமல் ஆளுக்கு ஒரு விரலாக வழித்து நக்கினோம். அன்றிரவு பசி அடங்கித் தூங்கினோம். அதன் பிறகு மூளை, எலும்பு மஜ்ஜை, குடலைச் சுற்றிய கொஞ்சநஞ்சக் கொழுப்பு எதையும் எறியவில்லை.

ஆர்க்டிக் பயணி ஸ்டெஃபான்சன் 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இறைச்சி மட்டும் சாப்பிடும் சோதனைக்கு உட்பட்டபோதும், கொழுப்பில்லாத இறைச்சியாகக் கொடுத்த சில நாளிலேயே படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் சரியானது. முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, கல்லீரலால் ஓரளவுக்கு மேல் புரதத்தைக் கையாள முடியாது. வேட்டை ஆடத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மேல்மாடி

காடும் கடலும் இல்லை, எங்களுக்கு வெள்ளம். கீழ்வீடு மூழ்கி மாடியில் இருந்தோம். மூடி உப்பியிருந்த டின்களை எல்லாம் அம்மா ஒதுக்கிவிட்டார். மிஞ்சியது பிஸ்கட், ஜாம், சர்க்கரை. அப்பாவுக்கு நீரிழிவு, இன்சுலின் போடுகிறவர்.

பங்கு போட்டதில் அப்பா தன் பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் பேத்தியிடம் தள்ளிவிட்டிருக்கிறார். இன்சுலின் மட்டும் உள்ளே போயிருக்கிறது. நடுராத்திரி இரத்தச் சர்க்கரை இறங்கி, சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, என் பெயரைத் தப்பாகச் சொன்னார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் சர்க்கரையைக் குழைத்துக் கொடுத்தேன். முதல் மடக்கு இறங்கியதும் அவர் தயங்கி நிமிர்ந்தார். "இது நான் சாப்பிடலாமாப்பா?" என்று கேட்டார். எத்தனையோ வருஷமாக அவர் கையிலிருந்து இனிப்பைப் பிடுங்கியவன் நான். "சாப்பிடுங்கப்பா" என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவுப்பணி

செவிலியராக எழுதுகிறேன். மலைப்பாதை, உங்கள் நண்பரைப் பிடித்தது பசி இல்லை, பயம் என்று நினைக்கிறேன். அரை நாளில் பசி ஆளை மாற்றாது. பசி மாற்றுவதை 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 36 தன்னார்வலர்கள், ஆறு மாதம் அரைப்பட்டினி. சமையல் புத்தகங்களைப் புரட்டுவதும், தட்டை நக்குவதும், சோற்றை மணிக்கணக்கில் தள்ளித் தள்ளித் தின்பதும் அவர்களுக்கு வாரங்கள் போகப் போகத்தான் வந்தது.

என்னை உறுத்துவது வேறு. பல நாள் உணவில்லாமல் மீட்கப்பட்ட ஓர் இளைஞனை எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சமைத்து எடுத்து வந்தார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். "பிள்ளை செத்துப் பிழைச்சு வந்திருக்கான், நீயும் பட்டினி போடுறியா?" என்று கேட்டார். பாத்திரத்தின் சூடு என் கையில் இருந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வது? ஐந்து நாளுக்கு மேல் வெறும் வயிறாக இருந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட் என்ற தாது உப்பை செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் தாறுமாறாகும். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகள் பலர் சோறு கிடைத்த பிறகு இறந்தது இதனால்தான். இதையெல்லாம் அந்த நேரத்தில் ஓர் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

பச்சையிலை

ஈரமண், காளான் விஷயம் ஏற்கிறேன். ஆள் தேடி வராத இடத்தில் செடிச் சோதனை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இரவுப்பணி அக்கா, அப்படிப்பட்டவருக்கு முதல் நாள் எவ்வளவு கொடுப்பீர்கள்?

இரவுப்பணி

ஆளைப் பொறுத்தது, தம்பி. ஆபத்து அதிகம் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோகலோரி, அதாவது 50 கிலோ ஆளுக்கு 500. அதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிடுவோம். பிறகு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, நான்கு முதல் ஏழு நாளில் கூட்டிக்கொண்டு போவோம். மருத்துவமனை எட்டாத தூரம் என்றால் சிறு சிறு அளவாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள்.