ஏற்காடு ஏறினா புல்லட் பிரீதர் ஆயில் கக்குது

கேள்வி: பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350. சேலம் அஸ்தம்பட்டி வரைக்கும் ஒண்ணுமில்லைங்க. ஏற்காட்டோட 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினா பிரீதர்ல, அதான் இன்ஜின் உள்காத்தை வெளிய விடற குழாய்ல, ஆயில் கக்கிப் பின் ரிம் வரைக்கும் தெறிக்குது. பிஸ்டன் ரிங் போயிடுச்சா?

பதில் 1: ரிங்கை அப்புறம் பாருங்க, முதல்ல டக்பில். பிரீதர்ல இருக்கற அந்த ரப்பர் வாய், பிஸ்டன் இறங்கறப்போ திறந்து காத்தை வெளிய விடணும், ஏறறப்போ மூடிக்கணும். சூட்டுல விறைச்சுட்டா மூடாது. உள்ளே அழுத்தம் தங்கி, ஆயில் கேஸ்கட் இடுக்கா பார்த்துக் கசியும். ஐடிலிங்ல குழாய் முனையில பாலித்தீன் தாளைக் காட்டுங்க. தாளை வெளிய மட்டும் தள்ளினா சரி. உள்ளயும் இழுத்தா மாத்திடுங்க.

பதில் 2: ஆயில் அளவும் பாருங்கண்ணா. ரொம்ப நாள் நின்ன வண்டியில டேங்க் ஆயில், பம்ப் வழியா இன்ஜின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்கு இறங்கிடும். அளவு குச்சியில குறையுதேன்னு ஊத்தினா, கூடினதெல்லாம் பிரீதர்லதான் வரும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திட்டு அளங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா போதும்.

பதில் 3: குழாயைச் செயின் பக்கம் விடாதீங்க, டயர்ல பட்டா வளைவுல சறுக்கும். ஆயிலைப் பிடிக்கக் குழாய் முனையில கால் லிட்டர் கேன் ஒண்ணு மாட்டுங்க, மூடியில காத்து ஓட்டை அவசியம். குளிருல கேன்ல மோர் மாதிரி வெள்ளையாத் தேங்கினா பயப்படாதீங்க, ஈரம் கலந்ததுதான். சைலன்சர்ல நீலப் புகையும் சேர்ந்தா ரிங்கைச் சந்தேகப்படுங்க.