டீச்சர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வாய் ஓயாமல் பேசும் ஒரு பிள்ளை, ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை. நோட்டு வாங்க நான் கையை நீட்டினால் தோளைச் சுருக்கிக்கொள்கிறாள். மணி அடித்ததும் எல்லாரும் ஓட, இவள் மட்டும் பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

முழங்காலில் சிராய்ப்பு என்றால் விளையாட்டில் விழுந்தது என்று விட்டிருப்பேன். இவளுக்குக் காதுக்குப் பின்னால் கன்றிப்போயிருந்தது. முதல் நாள் "கதவு இடிச்சுது" என்றாள், மறுநாள் "கீழே விழுந்தேன்" என்றாள்.

இதை வைத்து அடிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் பிள்ளைகள் இப்படி ஒடுங்கிப்போவார்கள். ஆனால் சும்மா இருக்க மனசு வரவில்லை. துருவிக் கேட்கவில்லை, "யார் அடிச்சாங்க?" என்று பதிலை நாமே வாயில் திணித்துவிடக் கூடாதே. தேதி போட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன். நாளை தலைமையாசிரியரிடம் சொல்லப்போகிறேன்.

உடன் வேலை பார்க்கும் டீச்சர், முதலில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசு என்கிறார். அதனால் அடி கூடிவிடுமோ என்று எனக்குப் பயம். கையாண்டவர்கள் என்ன செய்தீர்கள்? அவளே பேச வந்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது? "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

பள்ளி எது, பிள்ளை யார் என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.